வலது பக்கம் மட்டும்

நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பொய் சொல்வதென்றால் என் மானத்தைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு பொய்யைச் சொல்லியிருப்பேன். இதைச் சொல்லி எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. சொந்தக்காரர்கள் படித்தால் அவர்கள் முகத்தில் முழிக்க முடியாது. ஆனாலும் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் பெயர் இஜாஸ். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அது என் வாப்பா ஷாகுல் ஹமீது தொடங்கியது. நாற்பது வருடம் தோலுக்குச் சாயம் ஏற்றிய மனிதர். பத்து விரல் நகமும் நீலமாக இருக்கும். எந்த சோப்புக்கும் போகாது. சின்ன வயதில் அவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால், யாரோ எவரோ என்பது போலத் தலையைத் திருப்பிக்கொண்டு போவேன். அவர் மேல் அடித்த தோல் வாடைதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

2019 ஜூலையில் வாப்பா மவுத்தானார். அதற்கு முன் மூன்று மாதம் படுக்கை. இடது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண்.

எங்களில் ஒருவர் இறந்தால் கபன் துணி சுற்றுவதற்கு முன் குளிப்பாட்ட வேண்டும். தகப்பன் என்றால் மகன் முன்னால் நிற்பதுதான் முறை. தொப்புளிலிருந்து முழங்கால் வரை துணியால் மூடிவிட்டு, முதலில் வலது பக்கம், பிறகு இடது பக்கம், மும்மூன்று தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலப்பார்கள். சிறுவனாக ஓதப்போன இடத்தில் இதையெல்லாம் தப்பில்லாமல் ஒப்பித்துப் பெயர் வாங்கியவன் நான்.

அன்று பள்ளிவாசல் மோதினார், "மவன் எங்க? வரச் சொல்லுங்க" என்றார். கற்பூரம் வாங்கிவருகிறேன் என்று கிளம்பினேன். அந்தப் புண்ணை நினைத்தாலே எனக்குக் குமட்டியது. சயான் பக்கம் ஒரு டீக்கடையில், மழைக்கு ஒதுங்கியவன் மாதிரி ஒரு மணி இருபது நிமிடம் நின்றேன். இரண்டு டீ குடித்தேன். ஆமாம், குடித்தேன். திரும்பி வந்தபோது கபன் சுற்றி முடித்திருந்தார்கள்.

அன்று மாலை உம்மா கேட்டாள். "வாப்பாவ நீதானேடா குளிப்பாட்டுன?"

"ஆமாம்மா."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு உம்மா ஆறு வருடமாகத் தெரு முழுக்க என்னைப் பற்றிப் பெருமையடித்தாள். அவள் பெயர் மர்யம். நான் ஐரோலியில் ஃப்ளாட் வாங்கிய பிறகும், வாப்பா இருந்த அறையை விட்டு வரமாட்டேன் என்று தாராவியிலேயே இருக்கிறாள். அவள் என்னைப் புகழும்போதெல்லாம் நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

போன நவம்பரில் ஒசாகாவிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. நானும் என் கூட்டாளி ஷாகிரும் சாம்பிள் பைகளோடு ஜப்பான் போனோம். வேலை முடிந்ததும், வாங்குபவர் எங்களை ஒரு மலைக்கிராமத்து விடுதிக்கு அனுப்பினார். பழைய மர வீடு. தரையெல்லாம் கோரைப்பாய். வெந்நீர் ஊற்றிலிருந்து தண்ணீர் நேராகக் குளியல் தொட்டிக்கு வருமாம். உடம்பு வலி பறந்துவிடும் என்றார்கள்.

ஒரே ஒரு சிக்கல். அங்கே எல்லோரும் அம்மணமாகக் குளிக்க வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் ஷாகிர் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"எல்லாவனும் ஒண்ணுமில்லாம உக்காந்திருக்கான் மச்சான். நம்மளால ஆகாது."

"நாளைக்கு விடியக்காலம் ஆள் இருக்காதுலே."

"அரே, நீ போ மச்சான். என்னை விடு."

எனக்கு ஆசை. இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்ப மனம் வரவில்லை. ஆனால் கட்டின பெண்டாட்டி வீட்டில் இருந்தாலே கதவைச் சாத்தி லுங்கியோடு குளிக்கிறவன் நான். அதனால் ஒரு யோசனை செய்தேன். வியாழக்கிழமை விடியுமுன் எழுந்து சுபுஹு தொழுதேன். லுங்கியும் துண்டும் எடுத்துக்கொண்டேன். 5.35க்கு அறையை விட்டு இறங்கினேன்.

வராந்தா முடிவில் இரண்டு வழி இருந்தது. வலப்பக்க வழியில் விளக்கு எரிந்தது. இரண்டு பேர் பேசும் சத்தம் கேட்டது. இடப்பக்க வழியில் யாரும் இல்லை. ஏதோ எழுதின ஒரு பலகை தொங்கியது. எனக்கென்ன தெரியும் அந்த எழுத்து? ஆளில்லாத பக்கமாகப் போனேன்.

கோடியில் ஒரு மரக்கதவு. வெளியே ஒரு செருப்பும் இல்லை. அப்பாடா என்று திறந்தேன்.

உள்ளே ஆள் இருந்தார்.

கிழவர். குட்டி முக்காலியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அறை முழுக்க ஆவி. இடுப்பிலிருந்து முழங்கால் வரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. நம்மைப் போல வெட்கப்படுகிற ஆள் இந்த ஊரிலும் இருக்கிறார் என்று நினைத்தேன்.

சலாம் சொல்கிற மாதிரி தலையை ஆட்டினேன். அவர் திரும்பவில்லை.

பக்கத்தில் ஒரு மர வாளி. நிறையத் தண்ணீர். விடுதி முழுக்க வெந்நீர் ஊற்றின் கந்தக வாடை அடிக்கும். இங்கே அது இல்லை. வேறு ஏதோ வாடை. தெரிந்த வாடைதான்... ஆனால் பெயர் நினைவுக்கு வரவில்லை.

அவர் வலது கையை மெல்லப் பக்கவாட்டில் நீட்டினார். அப்படியே வைத்திருந்தார்.

இவர்கள் ஒருவருக்கொருவர் முதுகு தேய்த்துவிடுவார்கள் என்று ஷாகிர் எங்கேயோ படித்துச் சொல்லியிருந்தான். பெரியவர் கேட்கும்போது மறுப்பது மரியாதை இல்லை. வாளியை எடுத்தேன். தோளில் ஊற்றினேன்.

சலார்.

துண்டால் தேய்த்தேன். தோள், முழங்கை, விலா. மறுபடி ஊற்றினேன்.

சலார்.

வலது தொடைக்கு மேல் துணியை விலக்காமல், அதன் மேலேயே ஊற்றினேன். அங்கே யாரும் சொல்லவில்லை. என் கை அதுவாகச் செய்தது. முழங்கால், கணுக்கால், பாதம்.

சலார்.

மூன்று தடவை.

அப்போதுதான் கவனித்தேன். இவ்வளவு ஆவி பறக்கிறது... தண்ணீர் சில்லென்று இருக்கிறது.

சுவரில் ஒரு கண்ணாடி. அதில் ஆவி படியவே இல்லை. துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. அதில் நான் தெரிந்தேன். கையில் வாளியோடு. நான் மட்டும்.

அந்த வாடை என்ன என்று நினைவுக்கு வந்தது.

கற்பூரம்.

நீட்டியிருந்த அந்தக் கையைப் பார்த்தேன். விரல் நகம்...

நீலம்.

அவர் வலது கையை மடியில் வைத்தார். இடது கையை மெல்லத் தூக்கினார். துணி சரிந்து இடுப்பு தெரிந்தது.

உள்ளங்கை அகலத்துக்கு... புண்.

அவர் திரும்பவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. காத்திருந்தார்.

நான் ஊற்றியிருக்க வேண்டும். மூன்று வாளி. அவ்வளவுதான். என்னைப் பெற்றவர்.

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

தடால்.

அறைக்கு வந்து விழுந்தபோது போனைப் பார்த்தேன். 5.58. ஷாகிர் தூங்கிக்கொண்டிருந்தான். நான் பாயில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் என்று நினைக்காதீர்கள். ஆறு வருடம் கழித்தும் அதே இடத்தில் அதே மாதிரி ஓடிவந்திருக்கிறேனே, அந்த அசிங்கத்தில்.

7.30க்குச் சாப்பாடு. விடுதி நடத்துகிற அம்மாவிடம் போனில் மொழிமாற்றிப் பேசினேன். அந்தப் பக்கத்துக் குளியலறைப் பெரியவர் யார் என்று கேட்டேன். அந்த அம்மா போனை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார். பிறகு எழுந்து கூட்டிப்போனார்.

பலகையில் 'மூடப்பட்டது' என்று எழுதியிருந்ததாம். உள்ளே தொட்டி வெடித்துக் கிடந்தது. போன வருடமே அந்தப் பக்கம் ஊற்று நின்றுவிட்டதாகப் போன் சொன்னது. தரையில் முழுக்கத் தூசி. ஒரு துளி ஈரம் இல்லை. நடுவில் மர வாளி கவிழ்ந்து கிடந்தது. தூசியில் ஓர் ஆளின் காலடி மட்டும் போய், வந்திருந்தது. என் காலடி.

என் துண்டு மட்டும் அப்போதும் ஈரமாக இருந்தது. அதை ஷாகிருக்குத் தெரியாமல் அங்கேயே குப்பையில் போட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மும்பை வந்து நேராகத் தாராவிக்குப் போனேன். வாங்கிவந்த சால்வையைக் கொடுத்தேன். உம்மா அதைப் பிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"வியாழக்கெழம வாப்பா கனவுல வந்தாவ."

நான் சால்வைப் பையை ஓரமாக நகர்த்தினேன்.

"நனஞ்சு நின்னாவ. ஆனா பாதி ஒடம்புதான். வலது பக்கம் தண்ணி சொட்டுது. எடது பக்கம் காஞ்சு கெடக்கு. என்ன இதுன்னு கேட்டேன். 'மவன் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கான், இன்னும் முடிக்கல'ன்னாவ. சொல்லிக்கிட்டு இருக்கும்போதே தடால்னு என்னமோ விழுந்த சத்தம். முழிச்சுப் பாத்தா மணி ரெண்டு இருபத்தெட்டு."

ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி முந்தியது. மனசுக்குள் கணக்குப் போட்டேன். 5.58.

"கனவும்மா அது" என்றேன். "வாப்பாவ அன்னைக்கே நான் நல்லாத்தான் குளிப்பாட்டினேன்."

உம்மா என் முகத்தையே பார்த்தாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அன்னைக்கு நீ டீக்கடையில நின்னது எனக்குத் தெரியும்லே. பாத்தவுக சொன்னதா மோதினார் அன்னைக்கே வந்து சொல்லிட்டாவ. ஊரு உன்னை ஒரு வார்த்தை சொல்லிரக் கூடாதுன்னு நானாத்தான் ஊரெல்லாம் மாத்திச் சொன்னேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் என் கையை எடுத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாள்.

"இப்பம் உள்ளதைச் சொல்லு. எங்க வச்சு குளிப்பாட்டுன? ஏன் பாதியில எந்திச்சு வந்த?"