பாங்குக்கு முந்திய கால்மணி நேரம்

என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களில் அதிக பாரம் தூக்கியவன் இஃப்ஹாம். நூற்றி நாற்பது கிலோவைத் தோளில் வைத்து ஸ்குவாட் அடிப்பான். அப்பேர்ப்பட்டவனின் கல்யாணத்தை ஒரு விருந்துச் சோறு குழப்பப் பார்த்தது. பிழை என்னுடையது.

நிந்தவூரில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் ஜிம் நடத்துகிறேன். பிள்ளைகள் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வருவார்கள். ஷெடியூலில் ஸ்ட்ரெச்சிங்கைக் கடைசியில் எழுதியிருந்தேன். அதைத் தொடங்கும் நேரம் பார்த்துப் பள்ளியில் மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்வார்கள். எல்லாரும் இறங்கி ஓடுவார்கள். தொழப் போகிறவனை மறிக்கலாமா? விட்டுவிட்டேன். உள்ளதைச் சொன்னால் எனக்கும் அதில் அக்கறை இருக்கவில்லை.

கல்யாணம் பேசி முடிந்ததும் பெண் வீட்டில் விருந்து. பாயில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சகனில், அந்தப் பெரிய தட்டில், சாப்பிட வேண்டும். இஃப்ஹாம் சம்மணம் கட்டினால் முழங்கால்கள் கீழே இறங்கவே இல்லையாம். பாதிச் சாப்பாட்டில் தொடை பிடித்துக்கொள்ள, காலை உதறியதில் கறிக் கோப்பை மாமனாராகப் போகிறவரின் வெள்ளைச் சாரனில் கவிழ்ந்தது. மாப்பிள்ளைக்குக் காலில் ஏதோ வருத்தம், நோயை மறைக்கிறார்கள் என்று மறுநாளே கதை வந்தது.

அவன் ஜிம் வாசலில் நின்று கண் கலங்கினான்.

“மாஸ்டர், அந்தப் புள்ளய எனக்கு மிச்சம் விருப்பம். ஆறு கிழமையில திரும்பச் சாப்பிடக் கூப்பிட்டிரிக்காங்க. அண்டைக்கும் ஒழுங்கா இரிக்க ஏலாட்டி எல்லாம் முடிஞ்சி.”

ஆறே வாரம். அன்றே ஷெடியூலைக் கிழித்தேன். பாங்குக்குக் கால்மணி நேரம் முந்தியே பாரம் தூக்கும் பார்களைக் கீழே வைத்துவிட வேண்டும். பிறகு கெண்டைக்கால், தொடையின் பின்புறம், இடுப்பு. ஒவ்வொன்றும் முப்பது செக்கன். ஆட்டக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது, வலிக்க இழுக்கக் கூடாது. ஸ்டொப்வாட்ச்சோடு நின்று விரட்டினேன். இதைவிட இருநூறு கிலோ தூக்கலாம் என்று முதல் கிழமை முழுக்கப் புலம்பினான். நாலாம் கிழமை, தொழுகையில் இருக்கும்போது கால் விறைப்பதில்லை என்று சிரித்துக்கொண்டு வந்தான். ஸ்குவாட்டிலும் முன்பைவிடக் கீழே இறங்கினான்.

ஆறாம் கிழமை விருந்துக்கு என்னையும் கூட்டிப் போனான். மாமனார் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை, கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இஃப்ஹாம் கடைசியில் வந்த இனிப்பு வட்டலப்பம் வரை அமைதியாய் இருந்து சாப்பிட்டான். கை ஊன்றாமல் எழும்பினான். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

எல்லாரும் எழும்பிவிட்டார்கள். நானும் எழும்பப் பார்த்தேன். முழங்கால் அசையவில்லை. ஒரு கையை இஃப்ஹாமும் மறு கையை மாமனாருமாகப் பிடித்துத் தூக்கினார்கள்.

“மாப்புள நல்லாத்தான் இரிக்காரு” என்றார் மாமனார். “வருத்தம் மாஸ்டருக்குத்தான் போல.”

வீடே சிரித்தது. அந்தச் சிரிப்போடு கல்யாணத்துக்கு நாளும் குறித்தார்கள்.

ஜிம் தொடங்கும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான்: ஸ்ட்ரெச்சிங்கை மிஞ்சும் நேரத்துக்கு விடாதீர்கள், நேரம் மிஞ்சாது. மற்றவனுக்குச் சொல்வதை நீங்களும் செய்யுங்கள். இப்போது எங்கள் ஜிம்மில் முதலில் பாயில் இருப்பவன் நான். ஸ்டொப்வாட்ச் இஃப்ஹாம் கையில். என் முறை வந்தால் மட்டும் முப்பது செக்கன் முடிய அவனுக்கு ஒரு நிமிடம் எடுக்கிறது.