பட்டறையின் காது

ஏரிக்கரைப் படகுப் பட்டறையில் அவனைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டார் படகின் எஞ்சினை ஓடவிட்டுப் பத்தடி தள்ளி நின்று, "மூணாவது சிலிண்டர்ல கோளாறு" என்பான். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். அதெல்லாம் ஒரு காலம். படகு வாங்குகிற பெரிய மனிதர்களுக்கு வேகம் மட்டும் போதாது, தாங்கள் போவது அக்கரைக்காரனுக்கும் தெரிய வேண்டும். சைலன்சரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டச் சொல்வார்கள். மாட்டிக் கொடுத்தான். அந்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் இருபது வருடம் தலையை நீட்டிக்கொண்டு நின்றால் எந்தக் காது தாங்கும்? கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது, மூன்று வருடத்துக்கு முன்னால் முழுசாகவே போய்விட்டது.

யாருக்கும் தெரியாது, அதுதான் வேடிக்கை. பட்டறை இரைச்சலில் எல்லோருக்கும் கைஜாடைதான் பேச்சு. எஞ்சினின் கோளாறை அவன் குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தான். எதிரே நிற்பவர்களின் வாயசைவைப் படிக்கப் பழகிக்கொண்டான். வீடு ஏரியைப் பார்த்த இரண்டாம் மாடி. காலையிலிருந்து இருட்டும்வரை படகுகள் அலறும். அவன் பதில் சொல்லாவிட்டால் மனைவி படகுகளைத்தான் சபிப்பாள். அடுப்பைப் பார்த்து நிற்கும்போது அவள் தோள் அசைந்தால், ஏதோ சொல்கிறாள் என்று புரிந்துகொண்டு, "சரி", "பாக்கலாம்", "உன் இஷ்டம்" மூன்றில் ஒன்றை எடுத்து வீசுவான். பெரும்பாலும் பொருந்திவிடும். குடும்பம் நடத்த மூன்று வார்த்தை போதும் என்று அவனுக்கே ஆச்சரியம். ஏன் மறைத்தான் என்று கேட்டால் வெட்கம்தான். காது என்று பேர் எடுத்தவனைச் செவிடன் என்று கூப்பிடுவார்களே என்ற வெட்கம். அதற்கு மேல் அலங்காரமான காரணம் எதுவும் கிடையாது.

கடைசியில் மனைவிக்குப் பொறுமை போயிற்று. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி இருநூறு கையெழுத்து வாங்கி, நகரசபையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

"என் புருஷன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேச முடியல சார், பாதி பேச்சு அந்தச் சத்தத்துலயே போயிடுதுன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள், பெருமையாக.

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "நம்ம பொழப்பே படகுலதானே. உனக்கு ஏன் இந்த வேலை?"

"பொழப்பு இருக்குங்க. நமக்குள்ள பேச்சுதான் இல்ல."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. அவன் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டான்.

உத்தரவு வந்தது. எல்லாப் படகுக்கும் சைலன்சர் கட்டாயம். எஞ்சின் ஓடும்போது குழாயிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் எண்பத்தெட்டு டெசிபெல்லுக்கு மேல் போனால் ஏரியில் இறங்கக் கூடாது. நாற்பது படகுகள் பட்டறைக்கு வந்தன. தன் குட்டு உடைய வேண்டிய ஏற்பாட்டைத் தன் கையாலேயே, ஒவ்வொரு போல்ட்டாக, முறுக்கி முடித்தான். நடுவில் புத்தி கெட்டு, இரண்டு படகுகளில் சைலன்சரின் உள்தகட்டைக் கழற்றிப் போட்டான். கொஞ்சமாவது சத்தம் மிஞ்சட்டுமே என்ற ஆசை.

சோதனை நாளில் படகுத்துறையில் நல்ல கூட்டம். நகரசபை அதிகாரி முக்காலியில் சத்தம் அளக்கும் மீட்டரைப் பொருத்தினார். கையெழுத்துப் போட்டவர்கள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் அவன் மனைவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு. முதல் படகு அவன் தகட்டைக் கழற்றியவற்றில் ஒன்று. மீட்டர் தொண்ணூற்றாறு காட்டியது. முதலாளி முறைத்தார். எஞ்சினை நிறுத்தினார்கள். அவன் குனிந்து குழாயின் வளையத்தை முறுக்கிப் பார்ப்பதுபோல் பாவனை செய்தான்.

பின்னாலிருந்து அதிகாரி கூப்பிட்டார். முதலாளி கத்தினார். அவன் திரும்பவில்லை. பட்டறை வெல்டருக்கு ரொம்ப நாளாகவே ஒரு சந்தேகம் உண்டு. எல்லோரையும் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, படகிலிருந்து கையால் அழுத்தும் காற்று ஹாரனை எடுத்து, அவன் தலைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் பிடித்து அழுத்தினான். கூட்டம் காதைப் பொத்தியது. மீட்டர் நூற்றுப் பதினெட்டுக்குத் தாவியது. அவன் நிதானமாக வளையத்தை முறுக்கிக்கொண்டிருந்தான்.

வேலை முடிந்து நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஏதோ நல்ல தமாஷ் போலிருக்கிறது, நாம் மட்டும் உம்மென்று இருந்தால் நன்றாக இருக்காது என்று அவனும் சிரித்தான். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். அப்புறம்தான் வெல்டர் கையிலிருந்த ஹாரனைப் பார்த்தான். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தான்.

"அண்ணி, ஊர் பூரா கையெழுத்து வாங்கினீங்களே, உங்க வீட்டுல எப்பவோ சத்தம் நின்னுபோச்சே!" என்று வெல்டர் அவன் மனைவியிடம் சொன்னது வாயசைவில் தெளிவாகத் தெரிந்தது.

முதலாளி கருணை உள்ளவர், வேலையை விட்டு நிறுத்தவில்லை. "இனிமே ஷெட்டுக்குள்ள எஞ்சின் ஓட்டிப் பாக்குறதெல்லாம் இவனே செய்யட்டும். காதுமூடிகூட வேண்டாம்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். திட்டட்டும், அழட்டும், பாரம் இறங்கினால் சரி என்று அவன் முகத்தைக் கொடுத்து உட்கார்ந்தான்.

"எவ்வளவு நாளா?" ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாகக் கேட்டாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டித் தடுத்தாள்.

"இருங்க, யோசிச்சு சொல்லுங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால, அடுப்புகிட்ட நின்னு ஒரு விஷயம் கேட்டேனே. உங்க மூஞ்சியப் பாத்துக் கேக்கக் கூச்சமா இருந்துச்சு. நாள் தள்ளிப்போயிருக்கு, பொண்ணு பத்தாவது படிக்கிறப்ப இது தேவையா, வச்சுக்கலாமா வேண்டாமான்னு கேட்டேன். உன் இஷ்டம்னு சொல்லிட்டு நீங்க பாட்டுக்குச் சாப்பிட்டீங்க."

அவனுக்கு ஞாபகம் வந்தது. அந்த வருடம் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள் நான்கு நாள் கழித்து வெளுத்துப்போய் வந்தாள். பயணம் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்திருந்தான்.

"உங்களுக்கு வேண்டாம்னு நெனச்சுதான் தனியாப் போயிட்டு வந்தேன். அன்னிக்குக் கேட்டுத்தானே சொன்னீங்க?"

கேட்கவில்லை என்று சொன்னால், ஒரு உயிர் அவனுடைய வெட்கத்துக்காகப் போனதாக ஆகும். அதை அவள் மிச்ச நாளெல்லாம் சுமக்க வேண்டும். கேட்டது என்றால் அவன் ஈரமில்லாத ஒரு பாவி, அவ்வளவோடு போகும். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னானா, தன்னையா என்பது அவனுக்கே தெரியாது.

"கேட்டுத்தான் சொன்னேன். காது போய் ஆறு மாசம்தான் ஆச்சு."

அவள் மெல்லத் தலையாட்டினாள். எழுந்து ஜன்னலுக்குப் போய், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் தோள் அசைந்தது. நெடுநேரம் ஏதோ சொன்னாள். திரும்பிச் சொல்லேன் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.