துப்பாக்கி வேண்டாம் என்ற கடை

சொந்தக் கடைக்கு விளம்பரம் எழுதி, அதைப் படித்த ஊரையே வாயடைக்க வைத்த முட்டாள் பள்ளிப்பட்டு வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எழுதியபோது வயது பதினொன்று. மன்னிப்புக் கேட்பதற்காக வயதைச் சொல்லவில்லை. அன்றிருந்த மூளை இன்றும் அலுங்காமல் அப்படியே இருக்கிறது என்று தெரிவிக்கத்தான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். நைனாவுக்குக் கொஞ்சம் கரும்புக் கொல்லை, பஸ் நிற்கும் இடத்தில் ஒரு மளிகைக் கடை. மலையை ஒட்டிய ஊர் என்பதால் காட்டுப்பன்றிகளும் ஊர்க்காரர்கள் மாதிரிதான். ரேஷன் கார்டு மட்டும் கிடையாது. ராத்திரி ஒரு குடும்பம் இறங்கி விருந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் காலையில் பாதிக் கொல்லை தரையில் படுத்திருக்கும். அதனால் நாலைந்து வீடுகளில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. எங்கள் வீட்டிலும் ஒன்று, என்னைவிட உயரமாக. நைனா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் தெருமுனைவரை பின்னாலேயே நடப்பேன். எத்தனை பன்றி விழுந்தது என்பதை மறுநாள் பள்ளிக்கூடத்தில் நானே முடிவு செய்வேன். உண்மையில் அவர் வானத்தைப் பார்த்துச் சுடுவார். சத்தத்துக்கே அவை ஓடிவிடும்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு போய் வாங்கி வருவது வழக்கம். அந்த முறை போனவை திரும்பி வரவில்லை. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும், பன்றித் தொல்லை நிஜம்தான் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். சபையில் ஊரே கையெழுத்துப் போட்டது. நைனா மட்டும் எழுந்து நின்றார். "வேலி கேளுங்க, மொத கையெழுத்து என்னுது. துப்பாக்கி வாணாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாளிலிருந்து எங்கள் கடையில் ஊர்க்காரர்கள் எதுவும் வாங்கவில்லை.

இதையெல்லாம் எங்கள் ஊரில் சத்தம் போட்டுச் செய்ய மாட்டார்கள். எல்லோரும் வழக்கம்போலவே வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தார்கள், பானைத் தண்ணீர் குடித்தார்கள், செல்போனைச் சார்ஜில் போட்டார்கள். போகும்போது, எங்கள் கடையில் இல்லவே இல்லாத பொருளாக யோசித்து ஒன்றைக் கேட்டார்கள். இல்லை என்றதும், அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கிக்கொள்கிறோம் என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பள்ளிப்பட்டு பஸ் ஏறினார்கள். மாடு கன்று போட்டிருக்கிறது என்று ஒருவர் குங்குமப்பூ கேட்டார். ஊர் வாட்ஸப் குழுவில் நைனா தினமும் காலையில் அனுப்பும் ரோஜாப்பூ வணக்கத்துக்கு ஒரு கும்பிடுகூட வரவில்லை.

ஒருநாள் பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும் மனசு பொறுக்காமல் கேட்டுவிட்டார். "உனுக்கு ஒண்ணுன்னா நாங்க அல்லாரும் நின்னோமே. எங்களுக்கு நீ நிக்க மாட்டியா?"

"அதனாலதான் வாணாங்கிறேன்" என்றார் நைனா.

எப்போது நின்றார்கள், எங்கே நின்றார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஊர்த் திருவிழா ஜாத்திரையில் போட்டோவுக்கு நின்றதைச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டேன்.

விஷயம் தெரிய எனக்கு மீசை முளைக்க வேண்டியிருந்தது. அந்தத் தேர்தலுக்கு முந்தின கரும்பு வெட்டின்போது, பொழுது சாயும் நேரத்தில், கரும்புத் தோகை அசைவதைப் பார்த்து நைனா சுட்டிருக்கிறார். அந்த ஒரு முறை வானத்தைப் பார்த்துச் சுடவில்லை. அசைந்ததும் பன்றி இல்லை. வெளியூரிலிருந்து கரும்பு வெட்ட வந்திருந்த ஒருவர், மறந்து வைத்த தண்ணீர்க் கேனை எடுக்க உள்ளே போயிருந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கால் மட்டும் அதன்பிறகு மடங்கவில்லை. ஊர் கூடிப் பேசி, வெளியே தெரியாமல் முடித்து வைத்தது. வெட்டிய கரும்புக் கட்டை காலில் குத்திவிட்டது என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நானும் நம்பி, கொஞ்ச நாள் கரும்புக் கட்டைகளுக்குப் பயந்து சுற்றுவழியில் பள்ளிக்கூடம் போனேன்.

அவர் தன் ஊருக்குத் திரும்பவில்லை. எங்கள் கொல்லை மோட்டார் கொட்டகையிலேயே தங்கித் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் பீடி வாங்க வருவார். ஊரே ஒதுங்கிய அந்த நாட்களில் எங்களுக்கு மிஞ்சிய ஒரே வாடிக்கையாளர் அவர்தான். அவர் வந்தால் நைனாவே எழுந்து எடுத்துக் கொடுப்பார். பீடிக்கட்டைத் தொட என்னை விட்டதில்லை.

வீட்டில் யாருக்கும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நைனா காலி டப்பாக்களை மேலிருந்து கீழே அடுக்குவார், மறுபடி கீழிருந்து மேலே. விற்காத பன்னை வீணாக்கக் கூடாது என்று அம்மா காலை நாஷ்டாவுக்கும் பன், ராத்திரிக்கும் பன் என்று ஆக்கிவிட்டாள். நான் வாசலுக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் அலைந்து, யார் பை நிரம்பி இறங்குகிறது என்று ஒற்றன் வேலை பார்த்தேன். இப்படியே போனால் கடையை மூடிவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று நைனா அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு பன்கூட இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் வேலை செய்யும் என் மாமா, அம்மாவின் தம்பி, வார லீவுக்கு வந்தார். நிலவரத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர்கள் கம்பெனியில் ஆட்கள் முறைத்துக்கொண்டால் நிர்வாகம் நோட்டீஸ் போர்டில் இரண்டு வரி எழுதி மாட்டிவிடுமாம், மறுநாளே எல்லாம் அடங்கிவிடுமாம். "எய்தி வெக்கணும்டா. வாயால சொன்னா எவன் கேக்குறான்?" என்றார். சொன்னதை மறந்துவிட்டு அவர் ஷிப்டுக்குப் போய்விட்டார். நான் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, விற்காத சரக்கைத் திருப்பிக் கொடுக்க நைனா பள்ளிப்பட்டு போயிருந்தார். கடை என் பொறுப்பில். வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. 'முட்டை உண்டு' என்பதைத் தவிர வேறு இலக்கியத்தை அது கண்டதில்லை. அதன் மேல்பாதியில் சாக்பீஸால் என் அழகான கையெழுத்தில் எழுதினேன்:

எங்கள் நைனா துப்பாக்கிக்கு எதிரி அல்ல. நைனா சுட்டால் குறி தப்பாது. பயப்படாமல் வந்து சாமான் வாங்கவும்.

கீழே 'முட்டை உண்டு' அப்படியே இருந்தது.

முதலில் படித்தவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், குடிக்க எடுத்த தண்ணீரை அப்படியே வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்தவரும் அப்படியே. பெஞ்சு நிரம்பியது. ஆனால் யாரும் குங்குமப்பூ கேட்கவில்லை. மாமாவின் மூளையை நினைத்துப் பூரித்துப் போனேன். எதிர்வீட்டு அத்தை வந்து படித்தாள். பல நாள் கழித்து எங்கள் கடையில் சர்க்கரை வாங்கிய முதல் ஆள் அவள்தான்.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "பலகைய அழிச்சிடு கண்ணு. உங்க நைனா வர்றதுக்குள்ள அழிச்சிடு" என்றாள் மெதுவாக.

வியாபாரம் இப்போதுதான் சூடு பிடிக்கிறது, இவளுக்குப் பொறாமை என்று நினைத்தேன். வேண்டுமானால் இன்னும் ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள் என்று உபசாரமாகச் சொன்னேன். அவள் தெருவைப் பார்த்தாள், சட்டென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுவாரம் ஊர் ஒவ்வொருவராகக் கடைக்குத் திரும்பியது. தீர்மானத்தைப் பற்றி யாரும் நைனாவிடம் பேசவில்லை. அது என் எழுத்தின் வெற்றி என்று பல வருடங்கள் மார்தட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சாயங்காலம் பெஞ்சில் இருந்தவர்கள் எதைக் கேட்டுவிட்டு எழுந்து போனார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று அத்தை தெருவில் பார்த்தது மோட்டார் கொட்டகைக்காரரைத்தான். மடங்காத காலை இழுத்துக்கொண்டு, எப்போதும்போலப் பீடிக்கு வந்தார். முதல் முறையாக நானே பீடிக்கட்டை எடுத்துக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னா தம்பி, அல்லாரும் பலகையையே பாத்துக்கினு கீறாங்க. இன்னா எய்திகீற?"

இப்படி ஒரு ரசிகர் கிடைப்பாரா? மேசைமேல் ஏறி நின்று, பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டிக் குரலில், கையை ஆட்டி ஆட்டி மூன்று வரியையும் படித்தேன். கைதட்டல் இல்லை. பெஞ்சில் ஒருவரும் தலை நிமிரவில்லை. அவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், படிக்காதவர், புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இறங்கிவந்து பொறுமையாக விளக்கினேன்.

"ண்ணா, எங்க நைனா இருட்டிக்கினு வர்றப்பக்கூட கரெக்டா சுடுவாரு. ஒரே தபாதான். தெரியுமா உங்களுக்கு?"

பீடிக்கட்டை மடியில் செருகிக்கொண்டே அவர் சொன்னார்.

"தெரியும் தம்பி."