ப்ளே ஸ்கூல் சமையலறையில் மாட்டிக்கொண்ட காலை

மகளை ப்ளே ஸ்கூலில் சேர்த்த முதல் வாரத்தில் ஒரு நாள் நானும் அதற்குள் மாட்டிக்கொண்டேன். அவளாவது மதியச் சாப்பாடு முடிந்ததும் வெளியே வந்துவிடுவாள். எனக்கு வழியே இல்லாமல் போயிற்று.

பட்டாபிராம் ஸ்டேஷனிலிருந்து உள்ளே வரும் தெருவில் இருக்கிறது அந்த வீடு. மாடியில் வீட்டுக்காரர் குடியிருந்தார். கீழ் வீட்டை ஒரு மிஸ் வாடகைக்கு எடுத்து, சுவரில் யானையும் முயலும் வரைந்து, பள்ளிக்கூடமாக்கியிருந்தார். ஹால்தான் வகுப்பு. அதற்குப் பின்னால் சமையலறை. சமையலறையிலிருந்து பக்கத்துச் சந்துக்கு ஒரு கதவு உண்டு, சந்து போய்த் தெருவில் சேரும் இடத்தில் ஒரு இரும்பு கேட்.

நான் எட்டாவதோடு நின்றவள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது, தம்பியைப் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்தினார்கள். "அடுத்த வருஷம் போயிக்கலாம்" என்றார்கள். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. அதனால்தான் மகளை மூன்று வயதிலேயே சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். சேர்த்த பிறகு பயம் பிடித்தது எனக்குத்தான். பாட்டில் மூடியைத் திறக்கத் தெரியுமா, ஒன்னுக்கு வந்தால் வாய் திறந்து சொல்வாளா, எந்தப் பிள்ளையாவது கடித்து வைத்தால் என்ன செய்வாள் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது.

அவளும் தினம் வாந்தி வருகிற அளவுக்கு அழுதாள். அதற்கு முந்தின நாள் அவளைக் கூட்டிப்போக வந்தபோதுதான் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "நாளைக்கும் இப்படியே அழுதான்னா வீட்லயே வெச்சுக்குங்கம்மா. இவளைப் பாத்து மத்த பிள்ளைங்களும் அழறாங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் என்ற வார்த்தையைக் கேட்டதும் "நாளைக்கு அழமாட்டா மிஸ்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையிலும் அவள் என் கழுத்தை விடவில்லை. ஆயாம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் தூக்கிக்கொண்டு போனாள். கதவு மூடிய பிறகும் அழுகை தெருமுனை வரை கேட்டது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது. அழுதபோது இருந்த பயத்தைவிட அது நின்றபோது வந்த பயம் பெரிதாக இருந்தது. மூச்சடைத்துவிட்டதா? திரும்பி ஓடினேன். சந்து வழியாகப் போய்ச் சமையலறைக் கதவைத் தட்டினேன்.

ஆயாம்மா திறந்தாள். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா என்னிய தொலைச்சிடும். ஒரு நிமிஷம் கதவிடுக்குல பாத்துட்டு கெளம்பிடு" என்றாள்.

பார்த்தேன். மகள் கடைசி வரிசையில், சுவரோரமாக, விக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் வாழைப்பழம். உயிரோடு இருக்கிறாள். அது போதும் என்று நகர முடியவில்லை. ஒரு நிமிஷம் எவ்வளவு நீண்டது என்று எனக்குத் தெரியாது. கிளம்பிச் சந்துக்குப் போனபோது இரும்பு கேட்டில் பூட்டு தொங்கியது.

"போச்சுடா" என்று ஆயாம்மா தலையில் கை வைத்தாள். "மாடி ஊட்டுக்காரரு பூட்டிகினு வேலைக்குப் போய்ட்டாரு. மோட்டார் திருடு போனதுலேர்ந்து அப்டித்தான் பண்றாரு."

"சாவி?"

"அவரு பேண்ட்டு பாக்கெட்ல. இந்நேரம் ட்ரெய்ன்ல சென்ட்ரலுக்குப் போய்கினு கீது."

இனி வெளியே போக ஒரே வழி ஹால்தான். ஹாலில் மகள் இருக்கிறாள். என்னைப் பார்த்தால் ஒரே ஓட்டமாக வந்து காலைக் கட்டிக்கொள்வாள். பிறகு மிஸ் சொன்னதுதான்.

"மிஸ்ஸாண்ட சொல்லிடலாமா?"

"சொல்லேன். அப்டியே எனக்கும் சேத்து டாட்டா காமிச்சிடு."

பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன். ஆயாம்மா தண்ணீர் பாட்டில் எடுக்க உள்ளே வரும்போதெல்லாம் ஹால் கதவு திறக்கும். அப்போதெல்லாம் வயிற்றை எக்கிக்கொண்டு பல்லி மாதிரி ஒட்டுவேன். மின்விசிறி இல்லை. வரிசையாக வைத்திருந்த டிபன் டப்பாக்களிலிருந்து எலுமிச்சை சாதமும் பிரெட் ஜாமும் கலந்து மணத்தன. இருமல் வேறு தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போது பார்த்துப் போன் அதிர்ந்தது. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியிலிருந்து என் வீட்டுக்காரர்.

"இன்னாடி, பாப்பா அழுதுச்சா?"

"நிறுத்திட்டா" என்று கிசுகிசுத்தேன்.

"ஏன் திருடன் கணக்கா பேசற? எங்க கீற?"

"ஸ்கூல்ல. உள்ள. வெளிய வர முடியல."

அவர் கேட்டார், "நாம சேத்தது பாப்பாவயா, உன்னியா?"

போனை அணைத்துவிட்டேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் மிஸ் ஏதோ மிருகம் மாதிரி கத்திக் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புகளுக்கு நடுவில் என் மகளின் சிரிப்பும் கேட்டது. அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை, தொண்டை அடியிலிருந்து வருகிற சிரிப்பு. சாமி, இவள் இப்படியே இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதே நேரத்தில், இவ்வளவு சீக்கிரமா என்றும் இருந்தது. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பது பெரிய கஷ்டம்.

ஆயாம்மா பிஸ்கட் தட்டை எடுக்க வந்தாள். "நல்லா கேட்டுக்க. ஸ்நாக்ஸுக்கு முன்னாடி மிஸ்ஸு ஜெபம் பண்ணும். பசங்க எல்லாம் கண்ண மூடிக்கும். அப்போ செருப்பக் கையில புடிச்சிகினு போய்ட்டே இரு."

"மிஸ் பாத்துட்டா?"

"அதுவும் மூடிக்கும். எத்தினி வருஷமா பாக்கறேன், ஆமென் சொல்லாம தொறக்காது."

ஹால் கதவு கொஞ்சமாகத் திறந்திருந்தது. "கண்ண மூடுங்க, கை கூப்புங்க" என்ற மிஸ்ஸின் குரல் கேட்டது. "இயேசப்பா" என்று அவர் ஆரம்பிக்க, பிள்ளைகள் இழுத்து இழுத்துச் சொன்னார்கள். செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு காலை வைத்தேன். தரை சில்லென்றிருந்தது. இருபுறமும் மூடிய கண்களும் கூப்பிய கைகளும். ஒரு பையன் மூக்கை மட்டும் நோண்டிக்கொண்டிருந்தான்.

சுவரோரம் வந்ததும் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். பார்த்துவிட்டேன்.

அவள் ஒரு கண்ணைத் திறந்திருந்தாள்.

என்னையேதான் பார்த்தாள். முதலில் முகம், பிறகு கையிலிருந்த செருப்பு. அவள் தாடை நடுங்கத் தொடங்கியது. எல்லாம் முடிந்தது என்று நின்றேன். தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றும் கை பரபரத்தது.

அவள் உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டாள். திறந்திருந்த அந்தக் கண்ணையும் மெதுவாக மூடினாள். கூப்பிய கைகளை மூக்குக்கு நேராக உயர்த்தி, "பிஸ்கட் குடுத்ததுக்கு நன்றி" என்று மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

வெளியே வந்ததும் கதவு எனக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளே ஆமென் கேட்டது, பிறகு தட்டுச் சத்தம். அழுகை கேட்கவில்லை. எதிர்க்கடை நிழலில் போய் நின்றேன், செருப்பைப் போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றாமல். வீட்டுக்குப் போகலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அந்த மூடிய கதவை விட்டு அசைய முடியவில்லை. அவள் "அம்மா" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் எல்லாம் கெட்டுப்போயிருக்கும். இருந்தாலும் கூப்பிட்டிருக்கலாம்.