பக்கம் மாறிய மச்சம்

நான் பத்தாவது வரை படித்தவள். எழுதிப் பழக்கமில்லை. விஷயம் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் எழுத வந்ததற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போல் இருக்கிறது, அதனால்தான்.

போன வருடம் மழைக்காலம் முடிந்த சமயம். சாந்தோம் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. சனிக்கிழமைகளில் நான் அங்கே படம் வரையச் சொல்லித் தருவேன். கணக்கு, இங்கிலீஷ் என்றால் வாய் திறந்து பேச வேண்டும். படம் என்றால் அதிகம் பேச வேண்டாமே என்று நானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

அன்று, அவரவர் முகத்தையே வரையச் சொன்னேன். மாட வீதியில் வாங்கிய சின்னக் கண்ணாடிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். ஒரே சிரிப்பு. "டேய், உன் மூக்குக்கு இந்தப் பேப்பர் பத்தாதுடா" என்று ஒருவன் பக்கத்தில் இருந்தவனைக் கிண்டல் செய்தான்.

நாலாவது படிக்கும் ஒரு சிறுமி மட்டும் சிரிக்காமல் வரைந்தாள். அவள் இரட்டையரில் ஒருத்தி. வீட்டில் பெரியவள், சின்னவள் என்றே கூப்பிடுவார்கள். இவள் சின்னவள். பெரியவள் அந்த மழைக்காலத்தில்தான் காய்ச்சலில் இறந்துபோனாள். இருவருக்கும் ஒரே முகம். இவளுக்கு இடது கன்னத்தில் மச்சம், அவளுக்கு வலது கன்னத்தில். அதை வைத்துத்தான் எல்லோரும் அடையாளம் கண்டோம். அவள் போனதிலிருந்து, மீன் விற்கும் அவர்களுடைய அம்மா சின்னவளின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அழைத்துப்போக வந்தாலும் வாசலில் வேறு பக்கம் திரும்பி நின்றுதான் கூப்பிடுவார்.

"இத எங்கம்மா பாக்குமா, மிஸ்?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். பார்ப்பார் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் அந்த அம்மா வந்ததும், கூச்சத்தை விட்டு நானே படத்தை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"என் பெரியவ" என்றார். "அவளுக்கு இருந்த பக்கமே மச்சம் கீது பாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணாடியைப் பார்த்து வரைந்ததால் மச்சம் மறு கன்னத்துக்குப் போயிருந்தது. இது சின்னவள்தான், கண்ணாடியில் பக்கம் மாறித் தெரியும் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார்.

சின்னவள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "பெரியவளாவே இருந்துட்டுப் போவட்டும், மிஸ். எங்கம்மா பாக்குதுல்ல."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் அது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அழுகையை நிறுத்தி, மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். கன்னத்து மச்சத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு வரைடி. உன்ன வரை. நான் இங்கியே உக்காந்துக்கினு கீறேன்."

அவள் கண்ணாடியை எடுக்கவில்லை. மச்சம் வர வேண்டிய இடத்தை அம்மாவே தாளில் விரல் வைத்துக் காட்டினார்.

தன் முகத்தை வரைய ஒரு குழந்தைக்குக் கண்ணாடி போதும் என்று நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் யார் படத்தை நீட்டினாலும், முதலில் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் படத்தைப் பார்க்கிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த அம்மாவிடம் சங்கரா மீன் வாங்கினேன். காசை வாங்கிக்கொண்டு, கூடுதலாக ஒரு மீனையும் என் பையில் போட்டார்.