அக்காவின் புல்மேடுகளை நான் சமன் செய்தேன்

அக்கா எம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைவுறுகிறது. நினைவு மலருக்காக அவரது நற்குணங்களை எழுதித் தருமாறு அக்காவின் மகள் கேட்டார். எழுத உட்கார்ந்தால் என் குற்றமே முன்னால் வந்து நிற்கிறது. உறவினரும் நண்பரும் பொறுத்தருள வேண்டும்.

அக்கா உடுவிலில், ஓர் உபதேசியாரின் மூத்த மகளாகப் பிறந்தார். கணித ஆசிரியையாகி, அத்தானுடன் சாம்பியாவின் வடபகுதிக்குச் சென்றார். பட்டம் பெற்று வேலையின்றி இருந்த என்னையும் அழைத்து, விவசாய அதிகாரி வேலையில் சேர்த்துவிட்டார்.

அவ்வூர்ப் பெண்கள் பச்சைப் புல்லை மண்ணுக்குள் புதைத்து மேடு கட்டி, அதன்மேல் போஞ்சி விதைப்பார்கள். விதைக்குமுன், இறந்துபோன தம் பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். ஞாயிறன்று அதே பெண்கள் ஆலயத்தின் முன்வரிசையில் இருப்பார்கள். மேடு அறியாமை, அழைப்பு இருள் என்று நான் எண்ணினேன். மேடுகளைக் கலைத்து நேர்வரிசையில் சோளம் போடச் செய்தேன். உரம் ஏற்றிய லொறி வராத ஆண்டில் என் வரிசைகள் மஞ்சளித்தன. கலைக்க மறுத்தவர்களின் மேடுகள் காய்த்தன. அறிக்கையில் மழையைக் குற்றம் சொன்னேன்.

அக்கா அவர்களிடம் மேடு கட்டப் பழகினார். அத்தான் காலமானபின், நான் குடியேறியிருந்த ஆங்கிலப் புறநகரான செவன் கிங்ஸுக்கு எங்களிடம் வந்தபோது ஒரு கைப்பிடி விதை கொண்டுவந்தார். கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்த அலொட்மென்ட் தோட்டத் துண்டில் ஆண்டுதோறும் மேடு கட்டினார். விதைக்குமுன் அம்மா, அப்பா பெயர்களைச் சொல்லிவிட்டு, கர்த்தருடைய ஜெபத்தையும் சொல்வார்.

"அப்பா உபதேசியார். அவரிட்டையே விளைச்சல் கேக்கிறியள்?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"கேக்கேல்லையடா. விதைக்கிறன் எண்டு சொல்லுறன். வீட்டிலை சொல்லாமல் நீ வெளியிலை போவியோ?"

சென்ற ஆண்டு விதைத்து முடித்த கையோடு அக்கா நோயுற்றார். "மேட்டைப் பாத்துக்கொள்ளடா" என்று வைத்தியசாலையில் சொன்னார். நான் பார்த்துக்கொண்ட விதம் இது: போஞ்சியும் பூசணியும் புல்லும் நெருக்கியடித்து நின்றன. ஒழுங்கான தோட்டத்தைக் காட்டி அவரை மகிழ்விக்க நினைத்தேன். எல்லாவற்றையும் பிடுங்கி, சமன் செய்து, கயிறு பிடித்து, கடையில் வாங்கிய விதை ஊன்றினேன். சாம்பியா விதை முழுவதும் அந்த மேடுகளில் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

வீடு திரும்பியவரைச் சக்கர நாற்காலியில் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாய்க் கிடக்குதடா," என்றார். பிறகு, "குளிருது. போவம்."

பத்து நாளில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அது பாராட்டா, மன்னிப்பா, இனி இவனுக்குச் சொல்லிப் பயனில்லை என்ற களைப்பா? வேதத்திலும் தேடினேன், நான் படித்த விவசாயத்திலும் தேடினேன். விளங்கவில்லை.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், ஜெபித்த சபையாருக்கும், உணவு கொண்டுவந்த இல்ஃபோர்ட் நண்பர்களுக்கும் எம் குடும்பத்தின் நன்றி. பக்கத்துத் தோட்டத்து எஸ்தருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். அவர் சாம்பியாவில் பிறந்தவர். இவ்வளவு படித்தும் ஒரு புல்மேட்டை விட்டுவைக்கத் தெரியவில்லையா என்று என்னைக் கடிந்தார். அக்கா முன்பு கொடுத்த விதை அவரிடம் இருந்தது. இலையுதிர்காலத்தில் நானே புல் புதைத்து மேடு கட்டியதைப் பார்த்த பின்னரே அதில் கொஞ்சம் தந்தார்.

சென்ற வாரம் அந்த விதையுடன் மேட்டருகே நின்றேன். பெயர் சொல்லி அழைக்க வேண்டும். என் வாழ்நாளில் அக்காவை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"அக்கா, விதைக்கிறன்," என்றேன்.

அது ஜெபமா, பாவமா என்று எனக்குத் தெரியாது. ஆலயத்தில் செய்வதுபோல் தொப்பியைக் கழற்றியிருந்தேன்.

— தம்பி