மெஷின்ல என் குரல்தான்

வீட்டுக்கும் கீழ இருக்குற கடைக்கும் சேர்த்து ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கினேன். ஆள் இல்லாதப்ப யாராவது கூப்பிட்டா, நாம பதிவு பண்ணி வச்ச குரல் பேசும். அவங்க சொல்றதையும் பிடிச்சு வச்சுக்கும்.

காலையில பட்டனை அமுக்கி, "வணக்கம், விதைக்கடை வள்ளி பேசறேன், சேதிய சொல்லுங்க"ன்னு பதிவு பண்ணேன்.

மாமனாருக்கு மூஞ்சே மாறிடுச்சு. "இன்னாம்மா இது? ஊரே கேக்கும். பொம்பள குரல் நல்லாவா இருக்குது? உன் வீட்டுக்காரன பேசச் சொல்லு."

"கடைய நடத்துறது நான் மாமா. என் குரல்தான் இருக்கும்"னேன்.

கோவத்தோட அவலூர்பேட்டையில இருக்குற பொண்ணு வீட்டுக்குக் கெளம்பிட்டாரு.

அமாவாசைன்னு நாங்களும் கடைய பூட்டிட்டு மேல்மலையனூர் கோயிலுக்குப் போனோம். கூட்டத்துல நசுங்கி வீடு திரும்பினா, போன்ல செவப்பு லைட்டு மின்னுது.

மொத சேதி ஒரு விவசாயி. மெஷின்னு தெரியல அவருக்கு. "நீ பேசி முடிம்மா, நான் இருக்கேன்"னுட்டு, பாவம், ரொம்ப நேரம் காத்திருக்காரு.

அடுத்தது மாமனார்.

"ஏம்மா வள்ளி, இங்க ஒருத்தருக்கு மல்லாட்டை விதை வேணுமாம். உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லாத, மறந்துடுவான். நீயே பேசிடு."

இதை நான் அழிக்கவே மாட்டேன். ஆம்பள குரல்தானே கேட்டாரு? நாளைக்கு வந்ததும் இதையே போட்டுக் காட்டப் போறேன்.

இன்னா சொல்றீங்க?